கஞ்சி போட்ட துணியில் நாற்பத்தொரு கையெழுத்து

எனக்கு மூக்குமேல் கோபம் வரும். பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், "அந்தப் பொண்ணா? அதுகிட்ட வாயைக் குடுத்து மாட்டிக்காத" என்று. ஆனால் இப்போது சொல்லப்போகிற விஷயத்தில் முதலில் தப்புப் பண்ணினது நான்தான். அதை ஒத்துக்கொண்டுவிட்டே ஆரம்பிக்கிறேன். இல்லாவிட்டால் எங்கள் அத்தை என்னைச் சும்மா விடமாட்டாள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. அல்சூர் பக்கம் ஒரு மாடியில் இயங்கிய தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. தொண்டு நிறுவனம் என்றால் எங்கள் தெருவில் பால் பவுடர், கம்பளி, தையல் மிஷின் இந்த மூன்றும்தான் ஞாபகம் வரும். எங்கள் ஆபீஸ் இதில் எதையும் கொடுக்காது. அம்மாவுக்கு இது பெரிய பேஜாரு.

"ஒண்ணும் குடுக்காத ஆபீஸ் என்னடி ஆபீஸ்?"

"நாங்க குடுக்கறதில்லம்மா, கேக்கறோம். கவர்மென்ட்டைக் கேக்கறோம். வெளிநாட்டு கவர்மென்ட்டையும் கேக்கறோம். ஏழைங்களுக்கு எதிரா சட்டம் போடாதன்னு."

"கேட்டா குடுத்துடுவானா?"

"கேக்காம இருந்தா குடுத்துடுவானா?"

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் பக்கத்து வீட்டில் "எம்பொண்ணு கம்ப்யூட்டர் ஆபீஸ்ல இருக்கா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, அதனால் முழுப்பொய் என்று சொல்ல முடியாது.

ஒருநாள் ஃபேக்ஸ் மிஷினிலிருந்து முழம் முழமாகப் பேப்பர் வந்து தரையில் சுருண்டது. பல நாட்டு அமைப்புகள் சேர்ந்து ஒரு இயக்கம் நடத்தப்போகின்றன. பணக்கார நாடுகளின் தலைவர்கள் ஓரிடத்தில் கூடப்போகிறார்கள். அவர்களிடம் ஒரு கோரிக்கை வைக்க வேண்டும். ஏழை நாடுகளுக்கு உதவி செய்கிறபோது, ரேஷனைக் குறை, பள்ளிக்கூடத்துக்குச் செலவு பண்ணாதே, ஆஸ்பத்திரியில் ஏழைகளிடமும் கட்டணம் வாங்கு என்றெல்லாம் நிபந்தனை போடாதே. இதுதான் கோரிக்கை. ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு வெள்ளைத் துணி போகும். அதில் அந்த ஊர் ஏழைகளின் கைநாட்டு இருக்கும். துணியோடு கோரிக்கைக் கடிதம் ஒன்று, அதில் அந்த ஊர் மக்கள் பிரதிநிதி ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாத துணியை எடுத்துப்போக மாட்டார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் தெருப் பெண்களின் கை, உலகத்துத் தலைவர்களின் மேஜைக்குப் போகப்போகிறது! அன்றைக்கே கடிதத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி முடித்தேன். மறுநாள் சிவாஜி நகர் போய் ஸ்டாம்ப் மை பேட் பன்னிரண்டு வாங்கினேன். எங்கள் இயக்குநர் சார் மங்களூர்க்காரர், நல்ல மனுஷர், எதற்கும் பதறுகிறவர். "எஷ்டு ஜன வர்த்தாரே?" எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார். "நாற்பது பேருக்குக் குறையாது சார், என் பொறுப்பு" என்றேன். கையில் இருக்கிற ஆட்களைப்போல எண்ணிக்கை சொன்னேன். அவர்களில் ஒருத்தியைக்கூடக் கேட்கவில்லை.

அந்த நாற்பது பேர் யார் என்றால், கார்ப்பரேஷன் ரோடு கூட்டுகிற பெண்கள். விடிவதற்குள் துடைப்பத்தோடு கிளம்பிப் போய் மத்தியானம் திரும்புவார்கள். எங்கள் தெரு புத்த விகாரத்தின் கூடத்தில் மூன்று மணிக்கு அவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருஷமாக. என் அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, அந்த வகுப்பில் முதல் வரிசை.

அத்தை ஏன் படிக்க வந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். மாமாவை ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். மூன்றாவது நாள் ஒருத்தன் பேப்பர் கொண்டுவந்து, "கைநாட்டு வைம்மா, மருந்துக்கு" என்றிருக்கிறான். வைத்தாள். சாயங்காலம் மாமாவை வெளியே அனுப்பிவிட்டார்கள். கேட்டால் பேப்பரைக் காட்டினார்கள். வீட்டார் இஷ்டப்பட்டுக் கூட்டிப்போகிறோம் என்று அதில் எழுதியிருந்தது. மாமா வீட்டில் நாலு நாள் இருந்தார், அவ்வளவுதான். கட்டை விரலில் இருந்த மை அதுவரை போகவில்லை என்று அத்தை சொல்வாள். போயிருக்கும். ஆனால் அவள் அப்படித்தான் சொல்வாள்.

காரியம் முடிந்து ஒரு மாசத்தில் என்னிடம் வந்து, "எனக்கு எழுத்து சொல்லிக்குடு" என்றாள். நாற்பத்தெட்டு வயசு. துடைப்பம் பிடித்த கைக்குப் பென்சில் அடங்கவில்லை, எத்தனையோ பென்சிலை உடைத்தாள். தன் பெயரைத் தமிழில் முழுசாக எழுதின அன்றைக்குத் தெரு முழுக்க சேமியா பாயசம் கொடுத்தாள். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு செய்யவில்லை என்று அப்பா கேலி பண்ணினார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். தெரிந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விகாரத்துக் கூடத்தில் வெள்ளைத் துணியை விரித்து, நான்கு பக்கமும் மை பேட்டைத் திறந்து வைத்து, சீவிச் சிங்காரித்துக்கொண்டு நின்றேன். என் புத்தியை எந்தச் செருப்பால் அடிப்பது?

பெண்கள் வந்தார்கள். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஆஸ்பத்திரிக் கட்டணம் என்கிற இடம் வந்ததும் "அதான், அதைக் கேளு!" என்று ஒருத்தி தொடையில் தட்டினாள். எல்லாருக்கும் குஷி. அப்புறம் அத்தை குனிந்து மை பேட்டைப் பார்த்தாள்.

"இது எதுக்குடி?"

"கைநாட்டு வைக்கத்தான் அத்தை. எல்லா ஊர்லயும் அப்படித்தான் வைக்கறாங்க."

"யாருக்கு எழுதத் தெரியாதுன்னு வைக்கணும்?"

"எழுதத் தெரியாதுன்னு இல்ல. பாக்கறவங்களுக்கு உடனே புரியணும் இல்ல? ஏழைங்கன்னு."

வாயிலிருந்து அது விழுந்துவிட்டது. அத்தை நிமிர்ந்தாள்.

"ஓ. ஏழைன்னா கைநாட்டு. அப்படித்தானே?"

"அத்தை, ஒரு தடவைதானே, சும்மா போட்டோவுக்கு..."

"நீ வை. நான் வைக்க மாட்டேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார்மேல்? நியாயம் பேசுகிறவள்மேல்! "உங்களுக்காகத்தான் இவ்வளவும் பண்றேன், ஒரு விரல் வைக்க இவ்வளவு வீம்பா?" என்று கத்தினேன். அத்தை முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வெளியே போனாள். அவள் பின்னால் ஒவ்வொருத்தியாகப் போனார்கள். கடைசியில் போனவள் வாசலில் திரும்பி, "டீச்சர், நாளைக்கு கிளாஸ் இருக்குதா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னை உட்காரவைத்துவிட்டது. பன்னிரண்டு மை பேட்டையும் ஒவ்வொன்றாக மூடிவிட்டு, யாரும் இல்லாத கூடத்தில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அத்தை கூட்டுகிற ரோட்டுக்கே போனேன். அவள் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கூட்டிக்கொண்டே போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவள் சேர்த்த குப்பையைத் தட்டில் அள்ளித் தள்ளுவண்டியில் போட்டேன். ஒரு தெரு முழுக்க இப்படியே. அடுத்த தெரு முனையில் நின்றாள்.

"தப்பு பண்ணிட்டேன் அத்தை."

"எது தப்புன்னு சொல்லு."

"உங்களைக் கேக்காம ஒத்துக்கிட்டேன்."

"அது பாதி. மீதி?"

மீதியை அவளே சொன்னாள். "நீ கத்துக்குடுத்த எழுத்தை நீயே மதிக்கல. அது எனக்கு வலிக்குது."

அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முகம் சுடுகிறது. அன்றைக்கு ரோட்டிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கையெல்லாம் புழுதி. "சரி விடு, மூஞ்சியைத் தொடை" என்றாள். "துணி போகட்டும். ஆனா அதுல எங்க கையெழுத்து போவும். மை பேட்டைக் கொண்டுபோய்க் கடைக்காரன் மூஞ்சியிலயே வீசு."

ஆபீஸுக்குப் போய் சாரிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நோடம்மா, இங்க பாரம்மா, எல்லா ஊர்த் துணியும் ஒரே மாதிரி இருக்கணும்னு எழுதியிருக்காங்க. வெள்ளிக்கிழமை துணியை வாங்கிட்டுப் போக அந்த இயக்கத்தோட வெளிநாட்டு மேடம் வராங்க. அடுகோடி ஏரியாவுல இருக்கற இன்னொரு குரூப்போட கைநாட்டுத் துணி ரெடியா இருக்கு. பெங்களூருக்கு ஒரு துணிதான். உங்களால முடியலைன்னா அதையே குடுத்துடலாம், பிரச்சினை இல்லை."

"ஏழைகளின் குரல்னு அந்தப் பேப்பர்ல இருக்குதே சார். நான்தானே தமிழ்ல எழுதினேன். குரல் இப்ப மாட்டேன்னு சொல்லுது. நமக்குப் பிடிச்சதைச் சொன்னாத்தான் குரலா?"

"உணர்ச்சிவசப்படாதீங்க."

"எங்க துணி போகலைன்னா நானும் வேலைக்கு வரல சார்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வீட்டு நிலைமை ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு மில் மூடி ஒரு வருஷம். வீடு என் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. சார் மேஜைக் காலண்டரைத் திருப்பித் தேதியைப் பார்த்தார். கடைசியில், "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். மேடம் வேண்டாம்னுட்டா அடுகோடித் துணிதான். அப்ப நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

நாலு நாள் இருந்தது. வேலை சுலபம் என்று நினைத்தேன், பேனாவைக் கொடுத்தால் போடப்போகிறார்கள். போட்டார்கள். பால் பாயின்ட் பேனா துணியில் சிக்கி இழுத்தது. ஸ்கெட்ச் பேனா ஊறிப் பரவி, ஒருத்தியின் பெயர் பக்கத்துப் பெயரோடு சேர்ந்து ஒரே கறை ஆனது. "ஐயே, கலீஜா இருக்குது, இதுக்குக் கைநாட்டே தேவலை" என்று ஒருத்தி சொல்ல, அத்தை அவளை ஒரு முறை முறைத்தாள்.

வழி கண்டுபிடித்தது வகுப்பில் எப்போதும் கடைசியில் உட்காருகிறவள். அவள் புருஷன் இஸ்திரி வண்டி வைத்திருந்தான். "கஞ்சி போட்டுப் பாக்கலாமா? வேட்டிக்குப் போடற மாதிரி. நல்லாத் தேச்சா காகிதம் கணக்கா நிக்கும்" என்றாள். அன்றைக்கே ஒரு வீட்டில் சோறு வடித்த கஞ்சியை வாங்கிப் புதுத் துணியை முக்கி எடுத்தோம். முதல் தடவை வடிகட்ட மறந்து, காய்ந்த துணியில் சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது, காக்கா வந்து கொத்த ஆரம்பித்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. மறுபடி அலசி, மெல்லிசாக வடிகட்டி, வெயிலில் இழுத்துக் கட்டிக் காயவைத்து, கரிப்பெட்டியால் அழுத்தித் தேய்த்தோம். தட்டினால் டப்டப் என்று சத்தம் வந்தது. பேனா வழுக்கிக்கொண்டு போனது.

புதன், வியாழன் இரண்டு மத்தியானமும் எழுதினார்கள். அவசரமே இல்லை. முதலில் சிலேட்டில் ஒரு முறை, அப்புறம் துணியில். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார்கள். ஒருத்தியின் பெயர் நேராகக் கிளம்பிப் பாதியில் பள்ளத்தில் இறங்கியது. ஒருத்தி ரெண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு எழுதினாள், கேட்டால் "எம்பேரு பெருசு, நான் என்னா பண்ண?" என்றாள். சிலர் தமிழில், சிலர் கன்னடத்தில். வகுப்புக்குப் புதுசாக வந்திருந்த ஒருத்திக்கு முதல் எழுத்து மட்டும்தான் தெரியும். "அதை மட்டும் போடு, போதும்" என்றேன். "அரைப் பேரு யாருக்கு வேணும்?" என்று சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவள், வியாழக்கிழமை வந்து முழுப் பெயரையும் எழுதினாள். மொத்தம் நாற்பத்தொன்று. நான் எத்தனையோ ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன், எத்தனையோ மீட்டிங்கில் பேசியிருக்கிறேன். அந்த ரெண்டு மத்தியானம் மாதிரி என் வேலையை நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது வேறு எப்போதும் இல்லை.

இந்த இடத்தில் எப்போதும் யாராவது கேட்பார்கள், அந்தத் துணியால உலகத்துல வறுமை ஒழிஞ்சுடுச்சா என்று. நக்கல். ஒழியவில்லை ஐயா. ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு அடுத்த வருஷமும் காசு வாங்கினார்கள். ஒரே துணியில் உலகம் மாறும் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. யார் கேட்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள் என்பதும் ஒரு சண்டைதான். அந்தச் சண்டையைத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த வெளிநாட்டு மேடம் வந்தார். கூடவே சார், சாரோடு அடுகோடித் துணி சுருட்டிய பை. பெண்கள் வேலை முடிந்து குளித்து, இருப்பதிலேயே நல்ல சேலை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். மேடம் எங்கள் துணியைப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். ஏன் கைநாட்டு இல்லை என்று என்னிடம் கேட்டார். ராத்திரியெல்லாம் மனப்பாடம் பண்ணின இங்கிலீஷ் மறந்துபோய், அத்தையின் ஆஸ்பத்திரிப் பேப்பர் கதையை மட்டும் சொன்னேன். துணியில் அத்தையின் பெயர் எது என்று கேட்டுப் பார்த்தார். அப்புறம், தங்கள் தலைமை அலுவலகத்துக்குத் தான் பதில் சொல்லிக்கொள்வதாகவும், ஆனால் கடிதத்தில் மக்கள் பிரதிநிதி கையெழுத்து இல்லாமல் எந்தத் துணியையும் எடுத்துப்போக முடியாது என்றும் சொன்னார். சார் பையைக் கீழே வைத்தார். இனி எல்லாம், கையெழுத்துப் போடுவதற்காக சார் வரச்சொல்லியிருந்த எம்.பி. கையில்.

எம்.பி. ஒன்றரை மணி நேரம் லேட்டாக வந்தார். கூட ஏழெட்டுப் பேர். மாலை, கைகூப்பல் எல்லாம் ஆனது. துணிப் பக்கம் வந்தவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, சாரிடம் கன்னடத்தில் சிரித்துக்கொண்டே கேட்டார், "எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்களே, இவங்க நிஜமாவே ஏழைங்கதானா?"

எங்கள் பெண்களுக்குக் கன்னடம் புரியாதென்று நினைத்துவிட்டார், பாவம். பிறந்ததிலிருந்து பெங்களூரில் இருக்கிறவர்கள். எனக்கு ஜிவ்வென்று ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை எழுந்துவிட்டாள். சுத்தமான கன்னடத்தில், மரியாதை குறையாமல், "எழுத்து கத்துக்கிட்டா பசி போயிடுமா சார்? அப்படின்னா சொல்லுங்க, ஊரையே கூட்டிட்டு வரேன், எல்லாருக்கும் கத்துக்குடுத்துடலாம்" என்றாள்.

கூடத்தில் சிரிப்பு வெடித்தது. அவர் கூட வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். எம்.பி.யும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது. "டைம் ஆயித்து, டைம் ஆயித்து" என்று கடிகாரத்தைப் பார்த்தபடி, "எங்கே சைன் பண்ணணும்?" என்று கையை நீட்டினார். சார் அவசரமாகக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். துணியில் எழுதின பேனா அத்தையிடம் இருந்தது. அத்தை கொடுக்கவில்லை.

கடிதத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பி வைத்தாள்.

"ஓதி சார். ஓதிட்டு ஆமேலே சைன் மாடி." படியுங்கள், படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

கூட வந்த ஒருத்தன் "ஏய், யார்கிட்ட பேசறேன்னு தெரியுதா?" என்று முன்னால் வந்தான். சார் முகம் வெளுத்துவிட்டது.  இந்த மனுஷன் இப்போது விருட்டென்று கிளம்பிப் போனால் துணி போச்சு, நாற்பத்தொரு பெயரும் போச்சு, என் வேலையும் போச்சு. அத்தைக்கு இது எல்லாம் தெரியும். ஆனாலும் அசையவில்லை. பேனாவை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பது பெண்களும் ஒவ்வொருத்தியாக எழுந்து நின்றார்கள், யாரும் சொல்லாமலே.

எம்.பி. அவர்களைப் பார்த்தார். வெளிநாட்டு மேடத்தைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு கடிதத்தைக் கையில் எடுத்தார். முதலில் முணுமுணுத்தார். பின்னாலிருந்து ஒருத்தி, "கேக்கல சார்" என்றாள். சத்தமாகப் படித்தார். ரேஷன் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது. அங்கே நிறுத்தினார். "இந்தக் கட்டணம் நம்ம ஊர்லயும் வாங்கறாங்களே" என்றார், மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

"ஆமா சார்" என்றாள் அத்தை. "மேல படிங்க."

மீதியையும் படித்தார். கடைசி வரி வரைக்கும் நின்றுகொண்டே படித்தார். அதற்குப் பிறகுதான் அத்தை பேனா மூடியைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள்.